மக ராக்கெட்ட கீழ வெக்காம இன்ஜினியரிங் படிக்கணும்னா: 4,800 வெள்ளி கட்டுன அப்பாவோட கன்சல்டன்சி ரிவியூ

ஸ்டார் எத்தனன்னு மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணு. அதுல ரெண்டர, சனிக்கிழம மட்டும் வர்ற ஒரு டீச்சருக்கு. மீதி அர, அங்க ஏர்கான் நல்லா ஜில்லுனு இருந்ததுக்கு.

பிள்ளைங்கள அமெரிக்கா காலேஜ்ல சேத்து விடற கம்பெனி, பேரு போட மாட்டேன். பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு பழைய கடவீட்டு மாடி, படி ஏறி முடிக்கறதுக்குள்ள முட்டி பேச ஆரம்பிச்சிரும், அவ்ளோதான் சொல்லுவேன். பாதிக் காச திருப்பிக் குடுத்துட்டாங்க, அதுவுமில்லாம இந்தத் தீவு எவ்ளோ பெருசு, நாளைக்கே நாசி கண்டார் சோத்துக் கட வரிசைல அவங்களும் நானும் முன்னப்பின்ன நிக்கணும். இந்த மாதிரி எடத்துக்கு போற மத்த அப்பா அம்மாங்க என்ன கேக்கணும் எதுக்கு மட்டும் காசு குடுக்கணும்னு தெரிஞ்சிக்கிட்டா போதும்னுதான் எழுதறேன்.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ், பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். மக ஒம்போது வயசுல ஸ்குவாஷ் ராக்கெட்ட புடிச்சா, அன்னைலேர்ந்து புக்கிட் டும்பார்ல இருக்கற நிக்கோல் டேவிட் ஸ்குவாஷ் சென்டர்ல கொண்டு போய் விட்டு கூட்டிட்டு வர்றதுதான் என்னோட ரெண்டாவது ஷிஃப்ட். நைட் முடிச்சிட்டு வந்து கார்லயே தூங்கிருவேன், செவுத்துல பந்து அடிக்கற சத்தம் நின்னா தன்னால முழிப்பு வந்துரும். எஸ்பிஎம் பள்ளிப் பரிட்ச முடிச்சு ஏ-லெவல் படிச்சிட்டு இருக்கும்போது ஒரு நாள் கார்ல வெச்சு சொன்னா, "அப்பா எனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் வேணும், ஆனா காலேஜ் டீம்ல ஆடாம என்னால இருக்க முடியாது"ன்னு. எங்க வீட்ல இத சொன்னா ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பாங்க, என் மச்சான் வேற, ரெண்டு தோணில கால் வெக்காதன்னு சொல்லிட்டு மூணாவது தோணியா மெடிசின காட்டுறாரு. சரி வெவரம் தெரிஞ்சவங்க கிட்டயே போவோம்னுதான் இங்க போனோம்.

பேக்கேஜ் 4,800 வெள்ளி, அதான் மலேசியா ரிங்கிட். விளையாட்டுல நல்லா இருக்கற பிள்ளைங்கள அமெரிக்கா காலேஜ்ல சேத்து விடறது. பன்னெண்டு மீட்டிங், ஆடுற வீடியோவ எடிட் பண்றது, கோச்சுங்களுக்கு ஈமெயில் எழுதறது, கட்டுரை திருத்தறது, விண்ணப்பம் போடறது எல்லாம் அதுல வரும்னு சொன்னாங்க.

மொத மீட்டிங்ல டை கட்டுன ஒரு தம்பி ஸ்லைடு போட்டு காமிச்சாரு. மொத ஸ்லைடு நிக்கோல் டேவிட், ரெண்டாவது ஸ்லைடு சிவசங்கரி, ரெண்டு பேரும் நம்ம மலேசியா ஸ்குவாஷ் வீராங்கனைங்க, காலேஜ் டீம்ல ஆடி மேல வந்தவங்கன்னாரு. சிவசங்கரி கார்னெல்ல படிச்ச பொண்ணு, 2023-ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல தங்கம் வாங்குனாங்க, அது சரி. நிக்கோல் எங்க காலேஜ் டீம்ல ஆடுனாங்க? நேரா ப்ரோவா போயி 2006-லேர்ந்து 2015 வரைக்கும் எறங்காம உலக நம்பர் ஒன்னா இருந்தவங்க, எட்டு தடவ உலக சாம்பியன். பினாங்குல உக்காந்துக்கிட்டு பினாங்கு பொண்ணப் பத்தியே தப்பா ஸ்லைடு போடறாங்களேன்னு மக என் கால மெதுவா ஒதச்சா. நான் பேசாம இருந்தேன். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்குவாஷ் மொத தடவயா வருது அங்கிள், இனி டிமாண்டு ஏறிரும், இப்பவே புக் பண்ணுங்கன்னாரு. ஒலிம்பிக்ஸ்ல வருதுங்கறது உண்மதான். என்னமோ தாமான்ல புது வீடு விக்கிற மாதிரி சொன்னாரு அதான் எனக்கு இடிச்சிது.

ரெண்டாவது மீட்டிங்ல ஒரு நாப்பது பக்க ஃபைல குடுத்து ரொப்பிட்டு வாங்கன்னாங்க. என்சிஏஏ, அதான் அமெரிக்கால காலேஜ் விளையாட்டுங்கள நடத்தற சங்கம், அதோட விதி, அதுல பதிவு, அதுக்கு தனி கட்டணம் வேற. வீட்ல வந்து மக ரொப்பிக்கிட்டே வர்றா, ஏழாவது பக்கத்துல "50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நேரத்தை எழுதவும்"னு இருக்கு. நீச்சல் ஃபைல்! யாரோ ஒரு பிள்ளைக்கு செஞ்சத மேல பேர மட்டும் மாத்திட்டு குடுத்துருக்காங்க. இதுல இன்னொரு விஷயம், அமெரிக்கால காலேஜ் ஸ்குவாஷ என்சிஏஏ நடத்தறதே கெடையாது, அதுக்கு சிஎஸ்ஏன்னு தனி சங்கம் இருக்கு. சில காலேஜ் அவங்க ஸ்குவாஷ் டீமுக்கும் என்சிஏஏ விதியவே வெச்சுக்கும், அத அந்தந்த கோச் கிட்ட கேட்டாத்தான் தெரியும். கேக்காம பதிவுக்கு காசு கட்டச் சொல்றது என்ன நியாயம்?

மூணாவது, ஸ்காலர்ஷிப். "ஐவி லீக்ல ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கிக் குடுத்துருவோம்"னு வாய் கூசாம சொன்னாங்க. ஐவி லீக் எட்டு காலேஜும், அதான் ஹார்வர்ட் யேல் கார்னெல் எல்லாம், விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் குடுக்கறதே இல்ல, ரொம்ப வருஷமா அதான் அவங்க விதி. என்சிஏஏல மூணாவது பிரிவான டிவிஷன் த்ரீ காலேஜுங்களும் அப்டித்தான். அங்க குடுக்கறது குடும்ப வருமானத்த பாத்து குடுக்கற உதவி. நம்ம சம்பளத்துக்கு அது நல்லாவே கெடைக்கலாம், ஆனா வெளிநாட்டு பிள்ளைங்க கிட்ட "காசு உதவி வேணுமா"ங்கறத பாத்துட்டு எடம் குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற காலேஜ் இருக்கு, அத பாக்காமயே முடிவு பண்ற காலேஜும் கொஞ்சம் இருக்கு, ஹார்வர்ட் யேல் பிரின்ஸ்டன் எம்ஐடி மாதிரி. இது ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்! விண்ணப்பத்துல ஒரே ஒரு கட்டத்துல டிக் போடறதுதான், ஆனா மொத்த கதயும் அதுலதான் மாறுது. கோச் என்ன செய்வாருன்னா, அட்மிஷன் ஆஃபீஸ் கிட்ட இந்தப் பிள்ள எனக்கு வேணும்னு சொல்லுவாரு, அது பெரிய பலம்தான், ஆனா அது செக் கெடையாது.

சரி இதெல்லாம் கூட மன்னிச்சிருவேன். எனக்கு உண்மைல எரிச்சல் வந்தது வேற எடத்துல. விளையாட்டுக்கு ஒரு தம்பி, படிப்புக்கு இன்னொரு தம்பி. விளையாட்டு தம்பிக்கு ரேங்கிங், டீம், வீடியோ எல்லாம் அத்துப்படி. படிப்பு தம்பிக்கு எந்த காலேஜ் எத்தனாவது எடம், எந்த இன்ஜினியரிங்குக்கு சம்பளம் கூடன்னு அத்துப்படி. ரெண்டு பேரும் ஒரு தடவ கூட ஒரே மேஜைல உக்காரல. நாங்க இந்த ரூம்ல கேட்டா "அது படிப்பு சைடு அங்கிள்", அந்த ரூம்ல கேட்டா "அது ஸ்போர்ட்ஸ் சைடு அங்கிள்". எங்க ஃபேக்டரில இப்டி பிளான் போட்டா என்ன ஆகும் தெரியுமா, ப்ரொடக்ஷன் காரன் தனியா ஒரு ஷெட்யூல் போடுவான், சர்வீஸ் காரன் தனியா ஒரு ஷெட்யூல் போடுவான், ரெண்டும் தனித்தனியா பாத்தா அழகா இருக்கும், செவ்வாக்கெழம காலைல ஒரே மெஷின் முன்னாடி ரெண்டு பேரும் வந்து நிப்பாங்க. இங்க அந்த மெஷின் என் மக.

ஏடிபி எடுங்கன்னு படிப்பு தம்பி ரொம்ப அழுத்துனாரு, அதாவது இங்கயே கேஎல் (கோலாலம்பூர்) சுபாங் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல ரெண்டு வருஷம், அப்பறம் அமெரிக்கால ரெண்டு வருஷம். காசு மிச்சம், அது உண்ம. பல பிள்ளைங்களுக்கு நல்ல வழியும் கூட. ஆனா டீம்ல ஆடணும்னு போற பிள்ளைக்கு? அத யாரும் யோசிக்கல. அதுக்கு பதில் கெடச்சது சனிக்கிழம.

நாலாவது மீட்டிங் சனிக்கிழம விழுந்துச்சு, ரெண்டு தம்பியும் எங்கயோ கல்விக் கண்காட்சிக்கு போயிட்டாங்க. உள்ள ஒரு டீச்சர் உக்காந்துருந்தாங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும், பாலிடெக்னிக்ல பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவங்களாம், சனிக்கிழம மட்டும் பார்ட் டைம். ஸ்லைடு கெடையாது, ஒரு ஏ3 பேப்பர், நாலு கலர் பென்சில், ஒரு அழி ரப்பர். நான் ஃபைல எடுத்து நீட்டறேன், வாங்கல. "சார், எந்த காலேஜ்ங்கறத அப்பறம் பாக்கலாம். செவ்வாக்கெழம மத்தியானம் ரெண்டு மணிக்கு உங்க பொண்ணு எங்க இருப்பாங்கறத மொதல்ல பாப்போம்"னாங்க.

நான் நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டேன்.

மெக்கானிக்கல் படிப்பு ஒரு சங்கிலி மாதிரி. கால்குலஸ் ஒண்ணு முடிச்சாத்தான் ரெண்டு, அது முடிச்சு மூணாவது, அப்பறம் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். இந்தப் பக்கம் பிசிக்ஸ், அதுலேர்ந்து ஸ்டாட்டிக்ஸ், அதுலேர்ந்து டைனமிக்ஸ். இன்னொரு பக்கம் தெர்மோ, ஃப்ளூயிட்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர். டீச்சர் இத எல்லாத்தையும் நீலக் கலர்ல கட்டம் கட்டமா போட்டு அம்பு போட்டு இணைச்சாங்க. பெரிய காலேஜ்ல ஒரு பாடத்த ரெண்டு செமஸ்டர்லயும் நடத்துவாங்க, சின்ன காலேஜ்ல பல பாடம் வருஷத்துக்கு ஒரு தடவதான். சீசன் டைம்ல தாங்க முடியலன்னு ஒரு கட்டத்த கழட்டுனா அது ஒரு கட்டம் இல்ல, அதுக்கு பின்னாடி இருக்கற மூணு கட்டமும் ஒரு வருஷம் தள்ளிப் போவும். ஒரு வருஷம்னா ஒரு வருஷ ஃபீஸ், டாலர்ல. அதுவும் நம்ம பிள்ளைங்க போறது எஃப் 1 மாணவர் விசால, ஒரு செமஸ்டருக்கு கொறஞ்சது 12 க்ரெடிட் எடுத்தே ஆவணும், இஷ்டத்துக்கு கழட்டவும் முடியாது.

அப்பறம் செகப்பு பென்சில எடுத்தாங்க. காலேஜ் ஸ்குவாஷ் போட்டி நவம்பர்லேர்ந்து பிப்ரவரி கடைசி, மார்ச் வரைக்கும். அதாவது மொத செமஸ்டரோட பரிட்ச சமயமும் ரெண்டாவது செமஸ்டரோட ஆரம்பமும் ரெண்டுமே அதுக்குள்ள மாட்டுது. பிராக்டிஸ் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல. லேப் எப்ப? அதுவும் மத்தியானத்துக்கு மேலதான், ஒரு லேப்னா மூணு மணி நேரம். நீலக் கட்டமும் செகப்புக் கட்டமும் செவ்வாயும் வியாழனும் அப்டியே ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, பேப்பர்ல அந்த எடம் மட்டும் கருஞ்செவப்பா ஆயிருச்சு. வெளியூர் மேட்ச்சுக்கு வெள்ளிக்கெழம மத்தியானமே பஸ் கெளம்பிரும்னா வெள்ளிக்கெழம லேப் இருக்கற பாடமும் போச்சு. என் மக அதயே பாத்துக்கிட்டு இருந்தா, ஒண்ணும் பேசல.

இதுக்கு என்ன வழின்னா காலேஜ பொறுத்தது. எம்ஐடில திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் சாயந்தரம் 5-லேர்ந்து 7 மணி வரைக்கும் கட்டாய வகுப்பே வெக்க மாட்டாங்களாம், விளையாட்டு மாதிரி விஷயத்துக்குன்னே அந்த ரெண்டு மணி நேரத்த ஒதுக்கி வெச்சுருக்காங்க. டீச்சர் சொன்னது, "எம்ஐடிக்கு போங்கன்னு நான் சொல்லல, இத கோச் கிட்ட கேளுங்க. உங்க காலேஜ்ல அந்த மாதிரி பாதுகாத்த நேரம் இருக்கா, லேப்ப வேற நாளுக்கு மாத்திக்க ரெண்டாவது செக்‌ஷன் இருக்கா, இப்ப டீம்ல இன்ஜினியரிங் படிக்கற பிள்ளைங்க எத்தன பேரு, அவங்க மூணாவது வருஷமும் டீம்ல இருக்காங்களா". இந்தக் கடைசிக் கேள்விதான் சார் தங்கம். டீம்ல இன்ஜினியரிங் பிள்ளைங்க எல்லாம் மொத வருஷமாவே இருந்து, மூணாவது வருஷத்துல ஒருத்தரும் இல்லன்னா என்ன அர்த்தம்னு ஃபேக்டரில வேல செய்யறவனுக்கு சொல்லித் தர வேணாம்.

ஏடிபி விஷயத்தையும் டீச்சர் ஒரே நிமிஷத்துல முடிச்சாங்க. மூணாவது வருஷத்துல போய் சேர்ற பொண்ணு டீமுக்கு ரெண்டு வருஷம்தான் ஆட முடியும், கோச் நாலு வருஷம் ஆடுற பிள்ளையதான் தேடுவாரு. அதுவுமில்லாம இங்க படிச்ச ரெண்டாவது வருஷ இன்ஜினியரிங் பாடத்துல எத அங்க ஏத்துக்குவாங்கங்கறது ஒவ்வொரு காலேஜும் தனியா முடிவு பண்றது, ஸ்டாட்டிக்ஸ ஏத்துக்கலன்னா மறுபடி அந்த சங்கிலிதான். ஏ-லெவல் வேற கத. மேத்ஸ்ல நல்ல கிரேடு இருந்தா பல காலேஜ்ல கால்குலஸ் ஒண்ண தாண்டிப் போலாம். "அப்டி ஒரு எடம் காலியானா சீக்கிரம் முடிக்கறதுக்கு அத ரொப்பாதம்மா, சீசன் செமஸ்டர லேசாக்கறதுக்கு வெச்சிக்க"ன்னு மக கிட்ட சொன்னாங்க. பன்னெண்டு மீட்டிங்குல கெடச்ச அறிவுரைல நம்பர் ஒன் இதான்.

டிகிரி பேருல இருக்கற குழிய காமிச்சதும் அவங்கதான். நாளைக்கு இங்க திரும்பி வந்து இன்ஜினியர்னு போர்ட் ஆஃப் இன்ஜினியர்ஸ்ல பதியணும்னா அங்கீகாரம் உள்ள டிகிரி வேணும். ஒரு நாட்டு இன்ஜினியரிங் டிகிரிய இன்னொரு நாடு ஏத்துக்கறதுக்காக 1989-ல ஆரம்பிச்ச வாஷிங்டன் ஒப்பந்தத்துல அமெரிக்கா மொதல்லேர்ந்தே இருக்கு, மலேசியா 2009-ல முழு உறுப்பினரா சேந்துச்சு, அதனால அங்க ஏபெட்ங்கற அமைப்போட அங்கீகாரம் உள்ள இன்ஜினியரிங் டிகிரின்னா இங்க வழி இருக்கு. ஆனா அங்கீகாரம் காலேஜுக்கு இல்ல, ஒவ்வொரு டிகிரிக்கும் தனித்தனி. ஹார்வர்ட்லயே பாருங்க, இன்ஜினியரிங் சயின்ஸ்ல ஏபின்னு (ஆர்ட்ஸ் பட்டம்) ஒரு டிகிரி, எஸ்பின்னு (சயின்ஸ் பட்டம்) ஒரு டிகிரி, ஏபெட் இருக்கறது எஸ்பிக்குத்தான். டார்ட்மத்ல நாலு வருஷம் படிச்சு வாங்கற ஏபிக்கு கெடையாது, அதுக்கு மேல பிஇ பண்ணாத்தான். சீசன் நெருக்கடில லேசான டிகிரிக்கு மாறிக்கலாம்னு பிள்ளைங்க அங்க முடிவு பண்ணிருவாங்க, அப்பறம் இங்க வந்து முழிப்பாங்க. இன்ஜினியரிங் டெக்னாலஜின்னு பேரு இருந்தா அது இன்னொரு தடம், அது சிட்னி ஒப்பந்தம்னு வேற ஒரு ஒப்பந்தத்துல வர்றது, கொறச்சல்னு சொல்லல, ஆனா வேற. ஃபேக்டரில எங்க கூட நல்ல நல்ல டெக்னாலஜிஸ்ட் இருக்காங்க. நம்ம எதுக்கு கையெழுத்துப் போடறோம்னு தெரிஞ்சு போடணும், அவ்ளோதான்.

டீம பத்தி அவங்களுக்கு தெரியாதுன்னு நெனச்சேன், அதையும் படிச்சு வெச்சிருந்தாங்க. காலேஜ் ஸ்குவாஷ்ல ஒரு மேட்ச்னா ஒம்போது ஆட்டம், ஏணி மாதிரி ஒண்ணுலேர்ந்து ஒம்போது வரைக்கும் வரிச, நம்ம நாலாவது ஆளு அவங்க நாலாவது ஆளோட மோதும், அஞ்சு ஆட்டம் ஜெயிச்ச டீம் ஜெயிச்சுது. பத்தாவது எடத்துல இருக்கற பிள்ளையோட ஆட்டம் கணக்குல வராது, ஆனா பிராக்டிஸ் நேரம் மட்டும் அதே அளவு. அப்ப பெரிய பேரு உள்ள டீம்ல பன்னெண்டாவதா இருந்துட்டு லேப்பயும் கெடுத்துக்கறதா, நடுத்தர டீம்ல நாலாவதா ஆடறதா? படிப்பு தம்பி குடுத்த ரேங்கிங் பட்டியல்ல இதுக்கு பதில் இல்ல. சின்ன காலேஜ்னா இன்ஜினியரிங் இருக்காதுன்னு நெனச்சிருந்தேன், அதுவும் தப்பு. ஹார்ட்ஃபர்ட்ல ட்ரினிட்டின்னு ஒரு சின்ன காலேஜ், அவங்க ஆம்பள பசங்க டீம் 1998-லேர்ந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 252 மேட்ச் தோக்கவே இல்ல, யேல் வந்துதான் அத நிறுத்துச்சு. அந்த காலேஜ்ல ஏபெட் உள்ள இன்ஜினியரிங் இருக்கு. ட்ரெக்ஸல்ல ஸ்குவாஷும் இருக்கு, கூடவே ஆறு ஆறு மாசம் கம்பெனில வேல செய்யற கோ-ஆப்பும் இருக்கு. எனக்கு அது ரொம்ப புடிச்சிது, ஏன்னா எங்க லைன்ல இன்டர்ன் வர்ற பசங்கள பாக்கறவன் நான், மூணு மாசத்துல ஸ்பேனர் சைஸே பழகாது. ஆனா அந்த ஆறு மாசம் சீசன்ல விழுந்தா பகல்ல ஆஃபீஸ், சாயந்தரம் கோர்ட்டு, அதையும் கேட்டுக்கணும்னாங்க.

இன்னொண்ணு, 2020-ல பிரவுன் ஸ்குவாஷ் டீம க்ளப்பா எறக்கிருச்சு, ஆம்பள பசங்க பொண்ணுங்க ரெண்டு டீமையும். அதே வருஷம் ஸ்டான்ஃபர்ட் ஸ்குவாஷோட சேத்து 11 விளையாட்ட நிறுத்தறோம்னு சொல்லிட்டு 2021-ல அந்த முடிவ மாத்திக்கிச்சு. டீம் நாளைக்கே இல்லன்னாலும் இந்தப் படிப்புக்காக அந்த ஊரு குளிர்ல இருப்பியான்னு மகள பாத்து கேட்டாங்க. அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. பட்டியல்லேர்ந்து ரெண்டு காலேஜ அவளே அழி ரப்பரால அழிச்சா.

டீச்சர் மேல எனக்கு மரியாத வந்தது எப்பன்னா, பேப்பரோட மூலைல பச்சக் கலர்ல இன்னொரு கட்டம் போட்டாங்க, நம்ம ஊரு. அந்த ஆஃபீஸுக்கு அதுல ஒரு காசு வராது, ரெண்டு தம்பியும் அந்தப் பேச்சையே எடுக்கல. யூஎஸ்எம், அதான் இங்க இருக்கற மலேசியா அறிவியல் பல்கலைக்கழகம், அதோட இன்ஜினியரிங் மெயின் கேம்பஸ் மிண்டன்ல இல்ல, நிபோங் திபால்ல தனி கேம்பஸ், தீவ விட்டு பாலம் தாண்டி அந்தப் பக்கம். அப்ப புக்கிட் டும்பாருக்கு வாரத்துக்கு எத்தன தடவ வர முடியும், ரெண்டாவது பாலம் வழியா வந்தா எவ்ளோ நேரம், அதையும் செகப்பு பென்சில்ல போட்டாங்க. கேஎல்ல மலாயா பல்கலைக்கழகம்னா புக்கிட் ஜாலில்ல தேசிய ஸ்குவாஷ் சென்டர் இருக்கு, பல்கலைக்கழகங்களுக்குள்ள நடக்கற மாசும், சுக்கிப்ட் போட்டி எல்லாம் ஆடலாம், அமெரிக்கா மாதிரி நாலு மாசம் வாராவாரம் மேட்ச் இருக்காது, ஆனா லேப்ப கெடுக்காது. ஃபீஸ் எவ்ளோ வித்தியாசம்னு நான் சொல்ல வேணாம். டாலர்ல ஒரு பக்கம் வெள்ளில ஒரு பக்கம் எழுதிப் பாத்துட்டு நான் தண்ணி கேட்டேன்.

மிச்ச எட்டு மீட்டிங்க பத்தி சுருக்கமா. வீடியோவ பாட்டு போட்டு, ஸ்லோ மோஷன் போட்டு, நல்ல ஷாட்ட மட்டும் வெட்டி ஒட்டிக் குடுத்தாங்க. ஒரு கோச் ரொம்ப மரியாதயா ரெண்டு வரி பதில் போட்டாரு, முழு மேட்ச் வெட்டாம அனுப்புங்க, தோத்த மேட்ச்சா இருந்தாலும் பரவால்லன்னு. அத நான் ஃபோன்ல எடுத்து அனுப்புனேன், கண்ணாடி செவுத்துக்குப் பின்னாடி நிறுத்தி, காசே இல்லாம. அப்பறம் ஒரு காலேஜுக்கு ஈமெயில் போட்டுருக்காங்க, அங்க பொண்ணுங்களுக்கு ஸ்குவாஷ் டீமே இல்ல. மக அழுதா, அழுகன்னா ஆத்திரத்துல வர்ற அழுக, "என் பேருல போயிருக்குப்பா, என்ன பத்தி என்ன நெனப்பாங்க"ன்னு. அன்னைக்குத்தான் நான் யூனிஃபார்மோடயே படி ஏறிப் போனேன். சத்தம் போடல. நீச்சல் ஃபைலோட ஏழாவது பக்கத்தையும் அந்த ஈமெயிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன், மேனேஜர் கொஞ்ச நேரம் பாத்தாங்க, டீச்சர் மீட்டிங் போக மிச்சத்துல பேசி 2,400 திரும்பி வந்துச்சு. அதுக்கு அர ஸ்டார் கூட்டலாமான்னு யோசிச்சேன், மூணு வாரம் இழுத்தடிச்சாங்க, அதனால இல்ல.

நீங்க போறீங்கன்னா பேக்கேஜ் எடுக்காதீங்க. இந்த மாதிரி எல்லா எடத்துலயும் யாராவது ஒருத்தர் இருப்பாங்க உண்மையா வேல தெரிஞ்சவங்க, அவங்கள மட்டும் மணிக்கணக்குல காசு குடுத்து பாக்க முடியுமான்னு கேளுங்க, எங்களுக்கு அப்பறமா ரெண்டு தடவ அப்டித்தான் குடுத்தாங்க. போகும்போது காலேஜ் வெப்சைட்லேர்ந்து நாலு வருஷ பாடத் திட்டத்தையும், போன வருஷ மேட்ச் அட்டவணையையும் ப்ரின்ட் எடுத்துட்டுப் போங்க, ரெண்டும் ஓப்பனாவே இருக்கும், அது இல்லாம போனா அவங்க ஸ்லைடத்தான் பாத்துட்டு வரணும். கார் பார்க்கிங் கெடைக்கவே கெடைக்காது, மோட்டார்ல போங்க.

இப்ப எங்க நெலம, மக அஞ்சு எடத்துக்கு விண்ணப்பம் போட்டா, அதுல ஒண்ணு அமெரிக்கால நடுத்தர டீம், கோச் நாலாவது எடத்துக்கு பாக்கறேன்னு சொல்லிருக்காரு, காசு உதவிக் கடிதம் இன்னும் வரல. இன்னொரு பக்கம் யூபியு, அதான் உள்ளூர் அரசாங்க பல்கலைக்கழகத்துக்கு போடற விண்ணப்பம். அந்த ஏ3 பேப்பர் எங்க வீட்டு ஐஸ்பெட்டில காந்தம் போட்டு ஒட்டிருக்கு. போன வாரம் என் சம்சாரம் சமையல் பண்ணிக்கிட்டே அத பாத்துட்டு இருந்தாங்க, இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லாதவங்க, கரண்டியோட கிட்ட வந்து செவ்வாக்கெழம வரிசைய மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு தடவ பாத்தாங்க. காலைல எட்டுலேர்ந்து ராத்திரி ஒம்போது வரைக்கும் நீலம், செகப்பு, நீலம், செகப்பு.

"ஏங்க, இதுல பிள்ள சோறு எப்ப திங்கும்?"

டீச்சருக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் சிரிச்சிட்டு, சனிக்கிழம பத்து மணிக்கு பேப்பரோட வாங்க சார், மஞ்சள் பென்சில் எடுத்து வெக்கறேன்னாங்க.